வழக்குரையும் குளிர்த்தியும்

ஈழத்தின் கீழ்க்கரையிலே கண்ணகி வழிபாடு நெடுங்காலமாக நிலைபெற்று வருகின்றது. அங்கே அவள் அருள்புரியும் தாயாக மட்டுமன்றி, அநீதியாற் கணவனை இழந்து சினந்தெழுந்த பெண்ணாகவும் வணங்கப்படுகின்றாள். புண்பட்ட பெண்ணுக்கும் புண்பட்ட நிலத்துக்கும் இவ்வழிபாட்டில் உள்ள தொடர்பு ஆராயத்தக்கது.

அத்தொடர்பின் வேர் சிலப்பதிகாரத்திலேயே உண்டு. மதுரை எரிந்தபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது; வறுமையும் வெப்புநோயும் பெருகின. பத்தினிக்கு விழாவெடுத்த பின்னரே மழை பெய்தது என உரைபெறு கட்டுரை கூறும். இலங்கை வேந்தன் கயவாகு ஆடித்திங்களில் அவளுக்கு விழாவெடுத்தமையையும் அது குறிப்பிடுகின்றது. ஒருத்திக்கு இழைத்த கொடுமை நாட்டின் நோயாகவே கருதப்பட்டது.

மட்டக்களப்புத் தமிழகத்தில் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் வைகாசித் திங்களிற் சடங்கு நிகழும். அப்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படும். இந்நூலை வித்துவான் வீ. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். சடங்கின் நிறைவிலே, தெய்வத்தின் வெம்மை தணியக் குளிர்த்தி பாடப்படும். சிங்கள மக்களும் இத்தெய்வத்தைப் பத்தினி எனப் போற்றி, நோயும் வறட்சியும் நீங்கக் கம்மடுவச் சடங்கு செய்வர். இரு இனத்தாரும் ஒரு பெண்ணின் துயரையே தணிக்க முயல்கின்றனர்.

வன்னியில், நந்திக்கடலோரத்து வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசி விசாகப் பொங்கல் பெயர்பெற்றது. கடலிலிருந்து எடுத்துவரும் உப்புநீரில் விளக்கெரிப்பது அவ்விழாவின் மரபு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009 மே மாதத்தில் அதே நந்திக்கடலை அடுத்த முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தபோது, அதுவும் வைகாசித் திங்களே. மதுரையை எரித்த கண்ணகி முதியோரையும் குழந்தைகளையும் தீண்டலாகாது எனத் தீக்கடவுளுக்கு வரம்பிட்டாள். அவ்வரம்பு அப்போரிற் காக்கப்படவில்லை. இடம்பெயர்ந்த மக்கள் மீளக் குடியமர்ந்தபின், பொங்கற்பானைகள் மீண்டும் அக்கரையில் ஏறின.

இவ்வழிபாட்டை வெறும் ஆறுதலாகக் கொள்வது பொருந்தாது. சடங்கின் முறைவைப்பே அதனை மறுக்கின்றது. முதலில் வழக்கு உரைக்கப்படுகின்றது, ஊரார் அதனை இறுதிவரை இருந்து கேட்கின்றனர், அதன்பின்னரே குளிர்த்தி. வழக்கைக் கேளாது வெம்மையைத் தணிக்க முற்படுவோர் இம்மரபின் பாதியையே அறிந்தவராவர்.