அகர்தலாவின் பயிற்சிக்கூடம்

பொன்விழா மலரில் நம் சங்கத்து வரலாற்றுக்கு நடுவே திரிபுராவின் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் உண்டு. நம் மண்டபத்தை வாரத்தில் மூன்று மாலை, பிள்ளைகளின் தேகப்பயிற்சிக்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று இளைஞர் பகுதி கேட்டிருக்கிறது. "கருவி இல்லை, பணம் இல்லை, பினாங்கில் இருந்துகொண்டு என்ன சாதிக்க முடியும்? எல்லா வசதியும் கோலாலம்பூரில் அல்லவா இருக்கிறது?" என்பது பெரியவர்கள் சிலரின் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டபோது எங்களுக்கு அகர்தலா நினைவுக்கு வந்தது.

திரிபுரா இந்தியாவின் வடகிழக்கு மூலையில் உள்ள சின்ன மாநிலம். அதன் தலைநகர் அகர்தலா. மூன்று பக்கமும் வங்காளதேசம். 1947இல் நாடு பிரிந்தபோது கல்கத்தாவுக்குப் போகும் நேர்வழி அயல்நாட்டுக்குள் போய்விட்டது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் பயணம், அஸ்ஸாமைச் சுற்றிக்கொண்டு 1,600 கிலோமீட்டர் ஆயிற்று. 1985இல் பாலம் வரும்வரை ஃபெரிக்குக் காத்து நின்ற நமக்கு, கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காத்திருப்பதுதான் பெரிய சங்கடம். அவர்களுக்கோ கண்ணுக்கெட்டிய கரை அயல்நாடு.

அப்படிப்பட்ட ஊருக்கு 1960களில் தலிப் சிங் என்ற பயிற்றுநர் வடஇந்தியாவிலிருந்து வந்தார். வங்காளிகளிடம் தேகப்பயிற்சிக் கூடங்கள் நடத்தும் பழக்கம் முன்பே உண்டு. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இளைஞர்கள் திரண்டதே அப்படிப்பட்ட கூடங்களில்தான். ஆகவே சேர்ந்து பழகப் பிள்ளைகள் இருந்தார்கள். ஜிம்னாஸ்டிக்ஸ், நம் தமிழ் நாளிதழ்கள் சீருடற்பயிற்சி என்று எழுதுகிற கலை, சொல்லிக்கொடுக்க ஆள்தான் இல்லை. தலிப் சிங் அங்கேயே தங்கினார். அவரிடம் பயின்ற மண்டு தேப்நாத்துக்கு 1975இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 2000இல் கல்பனா தேப்நாத் அதே விருதைப் பெற்றார். பெரிய மாநிலங்களே எட்டாத இடத்தை ஒரு மூலை மாநிலம் எட்டியிருந்தது.

தலிப் சிங்கின் இன்னொரு மாணவர் விஸ்வேஸ்வர் நந்தி. ஆடி முடித்தபின் அவரும் பயிற்றுநரானார். அவர் மனைவி சோமா நந்தியும் பயிற்றுநரே. அகர்தலாவின் விவேகானந்தா பயிற்சிக்கூடத்தில் சோமாவிடம் ஆறு வயதில் கொண்டுவந்து விடப்பட்ட சிறுமிதான் 1993இல் பிறந்த தீபா கர்மகார். தந்தை பளுதூக்கும் பயிற்றுநர். மகளுக்கோ தட்டைப் பாதம். ஓடிவந்து தாவி, தரையில் அசையாமல் நிற்க வேண்டிய விளையாட்டுக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் வேறில்லை. பாதத்தில் வளைவு வருவதற்கே வருஷக்கணக்கில் பயிற்சி கொடுத்தார்கள். கூடமும் லேசுப்பட்டதல்ல. மழைக்காலத்தில் தண்ணீர் புகும், எலித்தொல்லை வேறு. தாவிப் பழகுவதற்கு வாங்கிய கருவி இல்லை. பழைய ஸ்கூட்டர் ஒன்றின் உதிரிப்பாகங்களை வைத்து நந்தியே ஒன்றைச் செய்துகொண்டார்.

2011 தேசிய விளையாட்டுப் போட்டியில் அந்தப் பெண் ஐந்து தங்கம் வென்றார். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெண்கலம். இந்தியப் பெண் எவரும் அதற்கு முன் அங்கே ஜிம்னாஸ்டிக்ஸ் பதக்கம் வாங்கியதில்லை. அவர் எடுத்துக்கொண்ட தாவலின் பெயர் புரொடுனோவா. மேசையில் கை ஊன்றி எழும்பி, முன்பக்கமாக இரண்டு குட்டிக்கரணம் போட்டு இறங்க வேண்டும். தவறினால் கழுத்துக்கே ஆபத்து. உலகில் அதைச் செய்து முடித்த பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே.

2016 ஜூலை 31ஆம் தேதிதான் அகர்தலாவிலிருந்து டெல்லிக்கு நேரடி ரயில் புறப்பட்டது. அடுத்த இரண்டு வாரத்தில், ஆகஸ்ட் 14ஆம் தேதி, அந்த ஊர்ப் பெண் ரியோ ஒலிம்பிக் இறுதியில் நின்றார். 15.066 புள்ளி, நான்காம் இடம். வெண்கலம் 0.150 புள்ளியில் கை நழுவியது. கடைசிக் கட்டப் பயிற்சி டெல்லியில் நல்ல வசதிகளோடு நடந்தது உண்மை. ஆனால் கூடவே இருந்தவர் அதே நந்திதான். அந்த வருஷம் இவருக்குக் கேல் ரத்னா, அவருக்குத் துரோணாச்சாரியார் விருது. பரிசாக வந்த பி.எம்.டபிள்யூ காரைப் பழுது பார்க்க அகர்தலாவில் வசதி இல்லையென்று திருப்பிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு காயம், தடைக்காலம் எல்லாவற்றையும் கடந்து, 2024இல் தாஷ்கண்டில் ஆசியத் தங்கம் வென்று, அதே வருஷம் ஓய்வு பெற்றார்.

இந்தக் கதையில் ஸ்கூட்டர் பாகங்களைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். எங்கள் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது வேறு: தலிப் சிங், நந்தி தம்பதி, தீபா என்று மூன்று தலைமுறை ஒரே ஊரில் அறுபடாமல் வந்தது. சிலம்பம் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். கற்றுக்கொள்ள ஆளில்லாமல் அது அவர்களோடு போயிற்று.

பெண் பிள்ளைகளின் உடை பற்றிய கவலையும் எழுந்திருக்கிறது. நியாயமான கவலை, மூடி மறைப்பானேன். 2015 சீ விளையாட்டுப் போட்டியில் ஃபரா ஆன் தங்கம் வென்றபோது நம் நாட்டில் வெற்றியைவிட உடையே அதிகம் பேசப்பட்டது. ஆனால் கணுக்கால் வரை மூடிய உடைக்கு இந்த விளையாட்டின் விதியில் இடம் உண்டு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மானியப் பெண்கள் அதைத்தான் அணிந்து ஆடினார்கள். நம் பிள்ளைகள் தளர்வான சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு மண்டபத்தில் பழகுவதற்கு யாரும் தடை சொல்லப்போவதில்லை.

தாவல் ஓட்டப்பாதைக்கு 25 மீட்டர் நீளம் தேவை. நம் மண்டபம் அவ்வளவு நீளமில்லை. ஆகவே தரைப் பயிற்சியோடு தொடங்கலாம், மெத்தை போதும். குழுக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கை வரும்போது, மெத்தைக்கு எத்தனை ரிங்கிட் என்று கேட்பதற்கு முன்னால், சொல்லிக்கொடுக்க முன்வருபவர் எத்தனை வருஷம் நிற்பார் என்று கேட்க வேண்டுகிறோம். இதுவரை பெயர் கொடுத்திருப்பவர்கள் இருவர். ஒருவர் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.