கொதிக்கும் வெயிலில் கொதிக்கும் புட்டிங்: ஆஸ்திரேலிய கிறிஸ்துமஸ் விருந்தின் கதை

டிசம்பர் 25 மத்தியானம். தெற்கு ஆஸ்திரேலியாவில் அது நடுக்கோடை. அடிலெய்டில் சில வருஷம் 40 டிகிரியைத் தொட்டுவிடும், நம்மூர் அக்னி நட்சத்திரம் மாதிரி. அந்த வெயிலில் விறகடுப்பை மூட்டி, வான்கோழியையோ வாத்தையோ வாட்டி, கூடவே உருளைக்கிழங்கையும் வாட்டி, சுடச்சுட கிரேவி ஊற்றிச் சாப்பிடுவார்கள். முடிவில், மணிக்கணக்காகக் கொதித்த பிளம் புட்டிங் வரும். அதன் தலையில் பிராந்தியை ஊற்றிக் கொளுத்துவார்கள். 19ம் நூற்றாண்டு முழுக்கவும், 20ம் நூற்றாண்டில் பாதி வரைக்கும் ஆஸ்திரேலியக் குடியேறிகளின் வீடுகளில் இதுதான் வழக்கம்.

என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று தோன்றும். வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், தாய்நாட்டு ஏக்கம். இங்கிலாந்தில் பனியில் சாப்பிட்டதை அப்படியே இங்கேயும் சாப்பிட்டால்தான் அது கிறிஸ்துமஸ் என்று நினைத்தார்கள். இது உண்மைதான். ஆனால் இதை மட்டும் சொல்லி முடித்தால் அந்த ஆட்களை முட்டாள்களாக்கிவிடுவோம். அடுப்படிப் பக்கம் போய்ப் பார்த்தால் இன்னொரு காரணம் கிடைக்கிறது.

ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், 38 டிகிரி வெயிலில், இருபது பேருக்கு விருந்து. எதைச் சமைப்பீர்கள்?

இன்றைய ஆஸ்திரேலிய கிறிஸ்துமஸ் மேஜையை எடுத்துக்கொள்ளுங்கள். இறால், சிப்பி, மயோனைஸ் போட்ட உருளைக்கிழங்கு சாலட், ஜெல்லி, கிரீம் அப்பிய பாவ்லோவா. எல்லாமே "வெயிலுக்கு ஏற்ற" சாப்பாடு. ஆனால் ஐஸ் இல்லாமல் இதில் எதையும் நம்பிப் பரிமாற முடியாது. இறால் காலையில் வாங்கினால் மத்தியானத்துக்குள் நாறிவிடும். ஜெல்லி அந்தச் சூட்டில் உறையவே உறையாது. கிரீம் புளித்துப்போகும்.

இப்போது அந்தப் பழைய சாப்பாட்டைப் பாருங்கள். பறவையை விடியற்காலையில் அறுத்து உடனே அடுப்பில் ஏற்றுகிறார்கள், சூடாகவே சாப்பிட்டு முடிக்கிறார்கள். கெட்டுப்போக நேரமே இல்லை. ஹாம் உப்பில் பதப்படுத்தியது, அது தாங்கும். பிளம் புட்டிங் இன்னும் சுவாரஸ்யம். உலர்திராட்சை, மாட்டுக் கொழுப்பு, சர்க்கரை, ரொட்டித்தூள், மசாலா, கொஞ்சம் மது. இதைத் துணியில் இறுக்கிக் கட்டி ஐந்தாறு மணி நேரம் வேகவைத்து உத்தரத்தில் தொங்கவிட்டால் வாரக்கணக்கில் கெடாது. பண்டிகை அன்று இன்னும் ஓரிரண்டு மணி நேரம் வேகவைத்தால் போதும். நம் வீடுகளில் தீபாவளிக்கு அதிரசத்தையும் முறுக்கையும் முன்கூட்டியே செய்து டப்பாவில் போடுகிறோமே, அதே கணக்கு. குளிர்நாட்டுப் பலகாரம் என்று பேர் வாங்கிய புட்டிங், ஃபிரிட்ஜ் இல்லாத வெயில் நாட்டுக்கும் பொருந்திப் போனது. க்வீன்ஸ்லாந்து மாதிரி ஈரப்பதம் அதிகமான இடங்களில் துணியில் பூஞ்சை பிடிக்கும் தொல்லை மட்டும் இருந்தது.

இதற்கான விலையைக் கொடுத்தது யார் என்றால், பெண்கள். தகரக் கூரை, விறகடுப்பு, கழுத்து வரை பொத்தான் போட்ட விக்டோரியா காலத்து உடை. சாப்பிட உட்கார்ந்தவர்களுக்குச் சூடு ஒரு மணி நேரம். சமைத்தவர்களுக்கு அது விடியலிலிருந்தே.

இதையெல்லாம் எதிர்த்து யாருமே பேசவில்லையா என்றால், பேசினார்கள். சிட்னி மருத்துவர் பிலிப் மஸ்கெட் 1893ல் "ஆஸ்திரேலியாவில் வாழும் கலை" என்ற பொருளில் தலைப்பிட்டு ஒரு புத்தகமே போட்டார். இந்த நாட்டின் தட்பவெப்பம் தெற்கு ஐரோப்பாவைப் போன்றது, இறைச்சியையும் டீயையும் குறையுங்கள், மீன், காய்கறி, சாலட், உள்ளூர் ஒயின் என்று மாறுங்கள் என்பது அவர் வாதம். சரியான வாதம்தான். ஆனால் ஒரு நாட்டின் சாப்பாடு புத்தகத்தால் மாறுவது அபூர்வம். இங்கேயும் மாற்றத்தைக் கொண்டுவந்தது ஐஸ்தான். அந்த ஐஸ் வந்த பாதையில் நம்ம மெட்ராஸும் இருக்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து ஃபிரடெரிக் டியூடர் என்ற வியாபாரி, உறைந்த ஏரிகளில் ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833ல் கல்கத்தாவுக்கு வந்தது. மெட்ராஸ் கடற்கரையில் அதற்காகவே 1842ல் ஒரு கட்டடம் எழுந்தது. அதுதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அதே அமெரிக்க ஏரி ஐஸ் ஆஸ்திரேலியத் துறைமுகங்களுக்கும் போனது. ஆனால் அந்த விலைக்கு அது பணக்காரர்கள் வீட்டுப் பானத்தில் மிதக்கத்தான் சரிப்படும், சமையலறைக்குக் கட்டாது.

அடுத்த கட்டம் ஆஸ்திரேலியாவிலேயே நடந்தது. மெல்போர்னுக்குப் பக்கத்தில் ஜீலாங் என்ற ஊர். அங்கே ஜேம்ஸ் ஹாரிசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பத்திரிகை ஆசிரியராக இருந்தார். அச்செழுத்துகளை ஈதர் ஊற்றிக் கழுவும்போது உலோகம் ஜில்லிட்டுப் போவதை அவர் கவனித்ததாகச் சொல்வார்கள். ஈதர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை அழுத்தி மறுபடி திரவமாக்கினால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இந்த அடிப்படையில் 1850களில் அவர் ஐஸ் செய்யும் இயந்திரத்தைக் கட்டினார். நம் வீட்டு ஃபிரிட்ஜும் இதே தத்துவத்தில்தான் ஓடுகிறது.

ஆனால் அந்தக் குளிர் நேராக வீட்டுக்கு வரவில்லை. முதலில் பீர் ஆலைக்குப் போனது. அடுத்து, இங்கிலாந்துக்கு இறைச்சி அனுப்பும் வேலைக்குப் போனது. 1873ல் ஹாரிசன் 'நார்ஃபோக்' என்ற கப்பலில் இறைச்சியை ஏற்றி அனுப்பினார். வழியிலேயே ஐஸ் போதாமல் எல்லாம் கெட்டுப்போய்ப் பெரும் நஷ்டம். சிட்னியின் தாமஸ் மார்ட் என்ற தொழிலதிபரும் இதே கனவில் பணத்தைக் கொட்டினார், பலனைப் பார்க்காமலேயே 1878ல் இறந்துபோனார். 1879 கடைசியில் கிளம்பிய 'ஸ்ட்ராத்லெவன்' கப்பல்தான் 1880 பிப்ரவரியில் உறைந்த இறைச்சியை நல்லபடியாக லண்டனில் இறக்கியது. யோசித்துப் பாருங்கள். ஆஸ்திரேலிய ஆட்டுக்கறி குளிரக் குளிர பூமியைப் பாதி சுற்றி லண்டன் போய்விட்டது. அதை அனுப்பிய ஊரில், பெரும்பாலான சமையலறைகளில் வெண்ணெய் உருகிக்கொண்டிருந்தது.

வீடுகளில் கைவைத்தியம்தான். 1890களில் மேற்கு ஆஸ்திரேலியத் தங்க வயலான கூல்கார்டியில் பிறந்தது 'கூல்கார்டி சேஃப்' என்ற அலமாரி. சுற்றிலும் சாக்குத்துணி, மேலே தண்ணீர்த் தட்டு. தட்டிலிருந்து துணி வழியாகத் தண்ணீர் கசியும், காற்று பட்டு ஆவியாகும், உள்ளே ஜில்லென்று இருக்கும். நம் மண்பானைத் தத்துவமேதான். நகரத்தில் என்றால் ஐஸ் பெட்டி உண்டு, ஐஸ்காரர் கட்டி கட்டியாகக் கொண்டுவந்து போடுவார். இரண்டுமே பாலுக்கும் வெண்ணெய்க்கும் ஆகும். இருபது பேர் விருந்துக்கு எட்டாது.

இந்த இடைக்காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1920களில் பிரிட்டன் தன் பேரரசின் பொருள்களை விற்க எம்பயர் மார்க்கெட்டிங் போர்டு என்று ஒரு வாரியம் வைத்திருந்தது. 1927ல் அந்த வாரியம் 'எம்பயர் கிறிஸ்துமஸ் புட்டிங்' செய்முறையை வெளியிட்டது. கொடுத்தவர் அரண்மனைச் சமையல்காரர். ஆஸ்திரேலியாவிலிருந்து உலர்திராட்சை, நியூசிலாந்திலிருந்து மாட்டுக் கொழுப்பு, கனடா ஆப்பிள், ஜமைக்கா ரம், சான்சிபார் கிராம்பு, இலங்கைப் பட்டை, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், இந்திய மசாலா. "இங்கிலீஷ்" புட்டிங்கில் இங்கிலாந்தின் பங்கு மாவும் ரொட்டித்தூளும் பீரும்தான்!

இதில் ஆஸ்திரேலிய திராட்சையைக் கவனியுங்கள். 1887லிருந்து சாஃபி சகோதரர்கள் மர்ரே ஆற்றுத் தண்ணீரைப் பாய்ச்சி உருவாக்கிய மில்டுரா போன்ற ஊர்களில் காய்ந்த பழம் அது. காயவைத்தது அந்த ஊர்க் கோடை வெயில். எந்த வெயிலில் புட்டிங் சாப்பிடுவது அபத்தம் என்றார்களோ, அந்த வெயில் இல்லாமல் லண்டன் பனியில் அந்தப் புட்டிங்கே இல்லை.

பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. 1930களில் சந்தைக்கு வந்த 'சைலன்ட் நைட்' போன்ற உள்ளூர்த் தயாரிப்பு ஃபிரிட்ஜுகள் 1950களில் சாதாரண வீடுகளுக்கும் எட்டின. கையோடு தூக்கிப்போகும் எஸ்கி ஐஸ் பெட்டியும் அதே பத்தாண்டில் வந்தது. கிரேக்க, இத்தாலியக் குடியேறிகள் கடலுணவை மேஜைக்கு நெருக்கமாக்கினார்கள். 1960களில் வடக்கே கார்பென்டேரியா வளைகுடாவில் இறால் பிடிப்பு பெரிய தொழிலானது. 1920களில் சுற்றுப்பயணம் வந்த ருஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் பெயர் கொண்ட பாவ்லோவா இனிப்பு, பண்டிகை மேஜையில் நிலைத்தது. (அது எங்களுடையது என்று நியூசிலாந்துக்காரர்கள் இன்றும் சண்டைக்கு வருவார்கள், அது தனிக் கட்டுரை.) மஸ்கெட் சொன்ன சாப்பாடு, அவர் சொல்லி அறுபது எழுபது வருஷம் கழித்து வந்து சேர்ந்தது.

இன்று சிட்னி மீன் சந்தை கிறிஸ்துமஸுக்கு முன் 36 மணி நேரம் விடாமல் திறந்திருக்கிறது, சனம் இறாலுக்கு வரிசையில் நிற்கிறது. சூடான விருந்தை விடமுடியாதவர்களுக்கு, சிட்னிக்கு மேற்கே ப்ளூ மவுன்டன்ஸ் ஓட்டல்கள் ஜூலைக் குளிரில் 'யூல்ஃபெஸ்ட்' என்று ஒரு போலி கிறிஸ்துமஸே நடத்துகின்றன.

புட்டிங் மட்டும் போகவில்லை. அதற்குள் வெள்ளிக் காசு ஒளித்துவைக்கும் பழக்கம் உண்டு. 1966 பிப்ரவரி 14ல் ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியபோது பழைய மூன்று பென்னிக் காசுகள் புழக்கத்திலிருந்து போயின. பெரும்பாலான புதுக் காசுகளில் வெள்ளி இல்லை என்பதால், பல வீடுகளில் பழைய காசுகளைப் புட்டிங்குக்கென்றே எடுத்துவைத்தார்கள்.

இப்போது டிசம்பர் 24ம் தேதி ஆஸ்திரேலிய வீட்டில் நடக்கும் திட்டமிடலில் முக்கியமான பிரச்சினை, ஃபிரிட்ஜில் இடம். ஹாமுக்கு ஒரு தட்டு, இறாலுக்கு ஒன்று, பாவ்லோவாவுக்கான கிரீம், சாலட். பீர் ஐஸ் வாளிக்குப் போய்விடும். இடமே கேட்காமல் வெளியே அலமாரியில் சும்மா உட்கார்ந்திருப்பது புட்டிங் ஒன்றுதான். என்ன, இப்போது அதன் மேல் ஐஸ்கிரீம் வைத்துச் சாப்பிடுகிறார்கள்.