நான்காம் பிரிவு பிறந்த கதை

1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தபோது ஒரே தாளில் அடங்கிவிடும் அளவுதான். நான்கு பிரிவுகள். முதல் பிரிவு சட்டத்தின் பெயரையும் எல்லையையும் சொல்லும். இரண்டாவது, கொள்ளைநோய் பரவும்போது தேவையென்று அரசுக்குத் தோன்றும் எதையும் செய்ய அதிகாரம் கொடுக்கும். மூன்றாவது, உத்தரவை மீறினால் தண்டனை. நான்காவது ஒரே வாக்கியம்: இந்தச் சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செய்த, செய்ய எண்ணிய எந்தச் செயலுக்காகவும் எவர் மீதும் வழக்கோ வேறு சட்ட நடவடிக்கையோ கூடாது.

2020 மார்ச்சில் கொரோனாவை எதிர்கொள்ள மாநிலங்கள் கையிலெடுத்தது இந்தச் சட்டத்தைத்தான். பல மாநிலங்கள் வெளியிட்ட விதிமுறைகளிலும் அந்த வாக்கியம் மறுபடி எழுதப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் பணிசெய்பவரை வழக்கிலிருந்து காக்க நம்மிடம் இருந்த பழைய கவசம் அது. ஆனால் அது நோயாளியின் கட்டிலருகே நிற்பவருக்காகச் செய்யப்பட்ட கவசம் அன்று.

1896 செப்டம்பரில் பம்பாய் மாண்டவி பகுதியில், கோவாவிலிருந்து வந்த மருத்துவர் அக்காசியோ வியேகாஸ் பிளேக்கைக் கண்டறிந்தார். துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த இடம் அது. நோயாளிகளை வீட்டிலிருந்து பிரித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தொடங்கியதும் ஊர் கொதித்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்புவதில்லை என்று மக்கள் நம்பினார்கள். அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ ஆயிரம் மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். ஒருபக்கம் கலவரம், மறுபக்கம், இந்தியக் கப்பல்களை ஐரோப்பியத் துறைமுகங்கள் தடுத்துவிடுமோ என்ற வணிகப் பயம். 1897 ஜனவரி 28 அன்று கல்கத்தாவில் வைசிராயின் சட்டசபையில் ஜான் உட்பர்ன் மசோதாவைக் கொண்டுவந்தார். பிப்ரவரி 4 அன்று அது சட்டமாகிவிட்டது. இடையில் ஒரே வாரம்.

வீடு புகுந்து சோதிக்கவும், சுவரை இடிக்கவும், ரயில் பயணிகளை இறக்கிப் பார்க்கவும் போகும் அதிகாரியை நாளை யாரும் கோர்ட்டுக்கு இழுத்துவிடக் கூடாது. நான்காம் பிரிவு பிறந்த காரணம் இதுதான். அதன் விலையைப் பூனா கொடுத்தது.

பூனாவின் பிளேக் கமிட்டிக்குத் தலைவராக வந்த வால்டர் சார்லஸ் ராண்ட், மார்ச் மாதம் வீட்டுச் சோதனைக்குப் படைவீரர்களை இறக்கினார். பூஜை அறைக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்தார்கள், பொருள்களைத் தெருவில் போட்டு எரித்தார்கள், பெண்களைப் பலர் பார்க்கப் பரிசோதித்தார்கள் என்று புகார்கள் குவிந்தன. பெண்கள் மீது வன்முறை நடந்ததாக லண்டனில் பேசிய கோபால கிருஷ்ண கோகலே, ஊர் திரும்பியதும் சாட்சி நிறுத்த வழியின்றி மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. வழக்கே போடக் கூடாது என்று சட்டம் சொல்லும் ஊரில் சாட்சி சொல்ல யார் வருவார்கள்? ஜூன் 22 இரவு, விக்டோரியா ராணியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து வந்த ராண்டையும் லெப்டினன்ட் அயர்ஸ்டையும் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். பின்னர் மூன்று சகோதரர்களும் தூக்கில் தொங்கினார்கள். திலகர் ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் முறையிட வாசலே இல்லாத ஊரில் கோபம் துப்பாக்கியைத் தேடிப் போனதை மறக்கவும் முடியவில்லை.

அதே ஆண்டு, அதே பூனாவில், மருத்துவரான மகன் யஷ்வந்தோடு சேர்ந்து பிளேக் நோயாளிகளைக் கவனித்து வந்தார் சாவித்திரிபாய் புலே. நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார். நோயாளியைத் தொட்ட கை அவருடையது. நான்காம் பிரிவு அவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டதல்ல.

உத்தரவை நிறைவேற்றுபவரைப் பொதுமக்களின் வழக்கிலிருந்து அந்தப் பிரிவு காத்தது. தவறு நேர்ந்தால் சொந்த அரசே ஒருவரைப் பலியாடாக்கும்போது என்ன ஆகும் என்பதைப் பஞ்சாபின் முல்கோவால் கிராமம் காட்டியது. பம்பாயில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கியவர் வால்டெமர் ஹாஃப்கின். ஒடெசாவில் பிறந்த யூதர். 1897 ஜனவரியில் தன் உடம்பிலேயே முதலில் ஊசியைப் போட்டுப் பார்த்தவர். 1902 அக்டோபர் 30 அன்று முல்கோவாலில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே ஒரு புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் வில்வாத ஜன்னி என்னும் டெட்டனஸ் கண்டு இறந்தார்கள். பம்பாய்த் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு, புட்டி திறக்கப்படுவதற்கு முன்பே, ஆய்வகத்திலேயே கிருமி கலந்துவிட்டது என்றது. ஹாஃப்கின் பதவியிழந்தார். ஆனால் அந்தப் புட்டியைத் திறந்த உதவியாளரின் இடுக்கி தரையில் விழுந்ததும், அது சரியாகச் சுத்தம் செய்யப்படாததும் சாட்சியத்திலேயே இருந்தது. மற்றப் புட்டிகளால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 1907-இல் ரொனால்டு ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் எழுதிப் போராடிய பிறகே அவர்மீதிருந்த பழி நீங்கியது. கல்கத்தாவில் வேலை கிடைத்தது. பம்பாய் ஆய்வகத்தின் தலைமைப் பதவி திரும்பவில்லை. இன்று அந்த ஆய்வகத்துக்கு அவருடைய பெயர்தான்.

அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக நான்காம் பிரிவு மாறவில்லை. மருத்துவரின் பொறுப்பை வரையறுத்தவை நீதிமன்றங்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், சாதாரணக் கவனக்குறைவுக்காக மருத்துவர் மீது குற்றவழக்குக் கூடாது, அது பெருங்கவனக்குறைவாக இருக்க வேண்டும், துறை அறிந்த வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறாமல் போலீஸ் நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்று சொன்னது. என் பார்வையில், நான்காம் பிரிவை விட நியாயமான கவசம் இது. பணியாளரையும் காக்கிறது, நோயாளிக்கும் வாசலைத் திறந்து வைக்கிறது.

2020-இல் தொற்றுநோய்ச் சட்டம் கடைசியாகத் திருத்தப்பட்டதற்குச் சென்னைக்கும் பங்குண்டு. ஏப்ரல் 19 அன்று கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் ஆம்புலன்ஸை அடித்து நொறுக்கியது. கூடப் பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். மறுநாள் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஏப்ரல் 22 அன்று நாடெங்கும் மெழுகுவத்தி ஏந்திப் போராட இந்திய மருத்துவச் சங்கம் அழைப்பு விடுத்திருந்தது. அதே நாளில் மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. கொடுங்காயமென்றால் 7 ஆண்டு வரை. போலீஸ் விசாரணை 30 நாளில் முடிய வேண்டும். செவிலியர், துணைநிலைப் பணியாளர், சமூக சுகாதாரப் பணியாளர் எல்லோரும் முதல்முறையாக இந்தச் சட்டத்துக்குள் பெயரோடு வந்தார்கள்.

ஆனால் அது அடியிலிருந்து காக்கும் சட்டம். 2021-இல் ஒரே ஆக்சிஜன் இணைப்பு, இரண்டு நோயாளிகள் என்ற நிலையில் முடிவெடுத்த வார்டு மருத்துவருக்கும், ஒரே இரவில் பல மடங்கு நோயாளிகளைப் பார்த்த செவிலியருக்கும் வழக்கு வந்தால் என்ன பாதுகாப்பு என்று அது பேசவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2020 ஏப்ரலில் வழக்கிலிருந்து காக்கும் அப்படியொரு சட்டம் செய்தது. அதில் மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்ல நிறுவனங்களுக்கும் சேர்த்தே பாதுகாப்புக் கொடுத்தது. முதியோர் இல்லங்களில் உறவினரை இழந்த குடும்பங்கள் கேள்வி கேட்க வழியின்றி நின்றன. 2021 ஏப்ரலில் அந்தச் சட்டம் ரத்தானது. பணியாளரின் கவசத்துக்குள் முதலாளியை நுழையவிட்டது அவர்கள் செய்த பிழை.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. சிகிச்சையின்போது அது நேர்ந்தால் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு வரை. அந்தச் சலுகையில் செவிலியரின் பெயர் இல்லை. அடுத்த கொள்ளைநோய் வருமுன், நோயில்லாத இந்த நாட்களிலேயே, பற்றாக்குறைக்கு நடுவில் நேர்மையாக எடுத்த முடிவுக்கு வார்டில் நின்ற ஒவ்வொருவருக்கும் பாதுகாப்பு வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு அரசே இழப்பீடு தர வேண்டும். நிர்வாகத்தின் அலட்சியத்துக்கு எந்தக் கவசமும் கூடாது. இதை நாடாளுமன்றம் ஒரு வாரத்தில் அல்லாமல், ஊரெல்லாம் பேசி முடித்த பிறகு எழுதட்டும்.