கூத்து நோட்டும் பாவைப் பெட்டியும்: ஒரு புத்தகக் கடையின் தேவை

கொஸ்லந்தையிலிருந்து பெரகல ஏறி பண்டாரவளைக்குப் போனால் புத்தகக் கடை இருக்கு. அப்பியாசக் கொப்பி, புலமைப்பரிசில் வழிகாட்டி, கடந்தகால வினாத்தாள், பஞ்சாங்கம் எல்லாம் கிடைக்கும். "காமன் கூத்துப் பாட்டுப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேட்கிற ஆள் இல்லாத சரக்கை யார் வாங்கி வைப்பார்கள்?

கூத்தாடுகிறவருக்கும் பாவை ஆட்டுகிறவருக்கும் என்றே ஒரு புத்தகக் கடை இருந்தால் என்ன நடக்கும்? கேட்டதும் சிரிப்பு வரலாம். ஆனால் அப்படிப்பட்ட கடைகள் இருந்திருக்கின்றன. அமெரிக்காவில் பொம்மலாட்டக்காரர்களின் சங்கமான 'பப்பெட்டியர்ஸ் ஆஃப் அமெரிக்கா' பொம்மலாட்டப் புத்தகங்களுக்கென்றே ஒரு கடை நடத்தியது. இங்கிலாந்தில் நொரிச் பொம்மலாட்ட அரங்கை நிறுவியவர்களில் ஒருவரான ரே டா சில்வா, பிற்காலத்தில் பழைய பொம்மலாட்டப் புத்தகங்களைத் தேடிப் பிடித்து விற்றார். பொம்மையின் மூட்டை எப்படி இணைப்பது, நூலை எங்கே கட்டுவது, முந்தைய தலைமுறை எந்தக் கதையை எப்படி ஆடியது என்பதெல்லாம் அச்சில் அருகிப்போன புத்தகங்களில்தான் கிடக்கும். பொதுக் கடைக்காரருக்கு அது தூசி பிடித்த சரக்கு. பொம்மலாட்டக்காரருக்கோ அது தொழில் கருவி. இந்த வித்தியாசம் தெரிந்த ஒரு ஆள் கல்லாவில் உட்கார்ந்திருப்பதுதான் தனித்துறைக் கடையின் முதல் பயன்.

சரி, அது வெளிநாட்டுக் கதை. நம்மிடம் என்ன இருந்தது?

தமிழில் பாவை ஆட்டம் பழசு. நூலால் இழுத்து ஆட்டப்படும் மரப்பாவையை 1020ஆம் குறள் உவமையாகவே சொல்கிறது. தமிழ்நாட்டின் தென்பகுதியில் தோல்பாவைக் கூத்தை மராத்தி பேசும் கணிகர் குடும்பங்கள் ஆடிவந்தன. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, வெட்டி, சாயம் ஏற்றி, பின்னால் விளக்கை வைத்து ராமாயணத்தைப் பல இரவுகள் நடத்துவார்கள். நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் உண்டு. இந்தக் கலையைப் பற்றி மு. இராமசாமி, அ. கா. பெருமாள் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

குடும்பம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அப்பா ஆட்டினார், மகன் பின்னால் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் படித்தான். கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்திலும் இதே முறைதான். மலையாள மண்ணில் கம்பராமாயணப் பாட்டுகளைத் தமிழிலேயே பாடி விளக்கம் சொல்லும் கூத்து அது. நூற்றுக்கணக்கான பாடல்களை மனப்பாடம் செய்தால்தான் மேடைக்குப் பின்னால் நிற்க முடியும். அந்த மரபில் வந்த இராமச்சந்திரப் புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தக் கூத்தை ஆராய்ந்து ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் எழுதிய ஆங்கில நூல் 1996இல் வந்தது.

குடும்பத்துக்குள் இருக்கிற கலைக்கு ஒரு பலம் உண்டு. குரல், தாளம், கைப்பழக்கம் எல்லாம் சிந்தாமல் அடுத்தவருக்குப் போகும். பலவீனமும் அதுவேதான். மகன் வேறு வேலைக்குப் போய்விட்டால் கதை முடிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஆசை இருந்தாலும் வழி இல்லை. கதவுக்கு ஒரே சாவி, அது ஒரே வீட்டில்.

அந்தக் கதவுக்கு இன்னொரு சாவி போட்டது மலிவு அச்சு. இந்தியர்கள் அச்சகம் நடத்துவதற்கு இருந்த தடை 1835இல் நீங்கியது. அதன் பிறகு சென்னையில் சின்னச் சின்ன அச்சகங்கள் பெருகின. அங்கிருந்து வந்தவைதான் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள். நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மயில்ராவணன் கதை, தேசிங்குராஜன் கதை என்று பட்டியல் நீளும். கொண்டித்தோப்பு இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் இந்தத் தொழிலில் பெரிய பெயர். மலிவான தாள், கொட்டை எழுத்து, நடுநடுவே படம். குஜிலிக் கடைகளிலும் சந்தையிலும் திருவிழாவிலும் விற்றார்கள். ரயில் விபத்து, கொலை வழக்கு என்று சுடச்சுடப் பாட்டுப் புத்தகமும் போட்டார்கள். இந்த உலகத்தை ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்ற நூலில் நமக்குத் திறந்து காட்டியிருக்கிறார்.

எழுத்து ஏன் பெரிது? வாங்குகிறவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார், பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். ஒரு பிரதி விற்றால் பத்துப் பேருக்குப் போய்ச் சேரும். பாவை மேடையில் அழுத நல்லதங்காள்தான் சந்தையில் சில்லறைக்கும் கிடைத்தாள். மேடையிலிருந்து புத்தகத்துக்கும் புத்தகத்திலிருந்து மேடைக்கும் கதை மாறி மாறிப் போய் வந்தது. தெருக்கூத்துக்கான நாடகப் புத்தகங்களும் இதே கடைகளில் விற்றன. கூத்துக்காரர் வீட்டில் பிறக்காத ஒருத்தனும் காசு கொடுத்து வாங்கி, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு பாடிப் பார்க்க முடிந்தது. கூத்துக்காரருக்கான புத்தகக் கடை என்று யாரும் பலகை மாட்டவில்லை. ஆனால் செய்த வேலை அதுதான்.

இப்போது இலங்கைக்கு வருவோம். 2018இல் யுனெஸ்கோ, இலங்கையின் 'ரூகட' எனும் நூல்பொம்மை நாடகத்தை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அம்பலாங்கொடை, பலப்பிட்டிய, மிரிஸ்ஸ பக்கத்துக் கரையோரக் குடும்பங்கள் காத்துவந்த கலை அது. எஹெலபொல கதை அந்தப் பொம்மை மேடையில் புகழ்பெற்றது. அதற்கு முன்பே அது 'நாடகம' என்ற சிங்கள அரங்க வடிவத்தில் ஆடப்பட்ட கதை. அந்த நாடகமவுக்கும் தமிழ்க் கூத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எதிரிவீர சரச்சந்திர எழுதியிருக்கிறார். ஆக, அம்பலாங்கொடைப் பொம்மைக்கும் நம் கூத்துக்கும் தூரத்துச் சொந்தம் இருக்கிறது.

வடக்கு கிழக்கில் கூத்து ஏடுகளுக்கு ஒரு காவலர் கிடைத்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடையேற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், 1960களில் அலங்கார ரூபன் நாடகம், என்றீக்கு எம்பரதோர் நாடகம் போன்றவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அச்சில் வந்ததால் இன்றைக்கும் ஒரு மாணவர் அவற்றை எடுத்துப் படிக்கலாம்.

மலையகத்தில்? நமக்குப் பாவைப் பெட்டியை விடக் காமன் கம்பம்தான் நெருக்கம். மாசியில் கம்பம் ஊன்றி, தப்பு அடித்து, ரதி மன்மதன் வேஷம் கட்டி, கடைசியில் காமன் தகனம். அதோடு அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர். இவற்றுக்கும் பாவைக் கூத்துக்கும் உள்ள பெரிய ஒற்றுமை, பாட்டு ஒருவர் கையில் இருப்பது. கூத்து வாத்தியாரின் நோட்டுக் கொப்பி, தகரப் பெட்டியில் துணிக்கடியில் இருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொள்ள அவர் மனசு வைக்க வேண்டும்.

அந்தத் தகரப் பெட்டிக்கு வரலாறு என்ன செய்தது என்று பாருங்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களில் வாத்தியார்களும் இருந்திருப்பார்கள், தப்புக்காரர்களும் இருந்திருப்பார்கள். ஆள் போனால் பெட்டியும் போகும். 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களுக்கும் நூல்களுக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. அதனால் உள்ளூர்ப் பதிப்புக்கு ஊக்கம் கிடைத்தது உண்மை. வீரகேசரி பிரசுரமாக நாவல்கள் வந்தன. ஆனால் அந்த ஆதாயம் நாவலுக்குப் போனது, கூத்து நோட்டுக்கு வரவில்லை.

அப்புறம் மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் நம்ம கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் அப்படியே புதைந்தன. போன உயிருக்கு முன்னால் காகிதம் பெரிசில்லை. ஆனாலும் ஒன்றை யோசிக்க வேண்டியிருக்கிறது. சரியக்கூடிய மலையின் கீழே, ஒரே ஒரு பிரதியாக, ஒரு லயக் காம்பராவில் இருக்கிற எந்த நோட்டுக்கும் நாளைக்கு உத்தரவாதம் இல்லை. இரண்டாவது பிரதி வேறு ஊரில் இருந்தால் மட்டுமே அது பிழைக்கும். விற்பனை என்பது, இப்படிப் பார்த்தால், பிரதிகளை ஊர் ஊராகப் பிரித்து வைக்கிற வேலை.

"கூத்தை அச்சடித்தால் அது செத்துப்போகும்" என்று ஒரு வாதம் உண்டு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோல்பாவையில் வரும் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அடிக்கும் நக்கல் அன்றைக்கு அந்த ஊருக்குப் பிறந்த நக்கல், எந்தப் புத்தகத்திலும் வராது. காமன் லாவணியில் எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் மோதும்போது அந்த நேரத்தில் வாயில் வருவதுதான் வெற்றி. ஆனால் இந்த நக்கலும் எதிர்ப்பாட்டும் நிற்பதற்கு அடியில் ஒரு கதை வேண்டும், மெட்டு வேண்டும். பெரிய எழுத்துப் புத்தகம் நூறு வருஷம் விற்றும் கூத்து செத்துப்போகவில்லை. ஆட ஆள் இல்லாமல் போன இடத்தில்தான் செத்தது.

"இணையத்தில் போட்டால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. போடத்தான் வேண்டும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களுக்குச் செய்திருக்கிற வேலை சாதாரணமானது இல்லை. ஆனால் இணையத்தில் தேடுகிறவருக்கு எதைத் தேடுவது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கடையில் அப்படி இல்லை. வேறெதற்கோ வந்த பிள்ளை கையில் எடுத்துப் புரட்டும். "இது எங்க தாத்தா பாடின பாட்டு" என்று ஒரு கிழவி நிற்பார். "எங்க தோட்டத்துல இதை வேற மாதிரி பாடுவோம்" என்று இன்னொருவர் திருத்துவார். அந்தத் திருத்தத்தையும் எழுதி வைத்தால் அடுத்த பதிப்பு தயார்.

2023இல் 'மலையகம் 200' என்று நிறையப் பேசினோம். இருநூறு வருஷத்துக் கூத்தை விலை போட்டு வாங்க ஒரு இடம் இன்னும் இல்லை. ஆரம்பிக்கக் கட்டடம் வேண்டாம். வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, அவர் பெயரை முதல் பக்கத்தில் போட்டு, நோட்டைப் பிரதி எடுப்போம். பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து போட்டோக் கொப்பி அடித்து, விற்கிற காசில் ஒரு பங்கை அவருக்கே கொடுப்போம். தேர்த் திருவிழாவுக்கும் காமன் தகனத்துக்கும் கடலைக்காரர் பக்கத்தில் ஒரு மேசை போடுவோம். சந்தைக்குச் சந்தை போனவர்களும் அப்படித்தான் விற்றார்கள். அடுத்த மாசிக்குள் ஒரு தோட்டத்து நோட்டாவது அந்த மேசைக்கு வர வேண்டும்.