கடைசி பெஞ்சைப் பார்த்த வாத்தியார்



இன்று ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சார்ல்ஸ் காஸ்லி. ஆங்கிலக் கவிஞர். நம் பக்கம் அதிகம் பேசப்படாதவர். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கோ நன்றாகத் தெரிந்தவர்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். அங்கே குன்றின் மேல் ஒரு பழைய கோட்டை, அதைச் சுற்றி லான்செஸ்டன் என்ற சிற்றூர். காஸ்லி அங்கே 1917 ஆகஸ்ட் 24 அன்று பிறந்தார். அப்பா முதல் உலகப் போருக்குப் போய் உடல் கெட்டுத் திரும்பியவர். 1924இல் இறந்துவிட்டார். பையனுக்கு ஏழு வயது. அம்மா தனி ஆளாக வளர்த்தார். படிப்பில் ஆசை இருந்தும் 15 வயதில் பள்ளியை விட்டு, கட்டடம் கட்டுகிற ஒருவரிடம் அலுவலக வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. ஓய்வு நேரத்தில் நடன இசைக் குழுவில் பியானோ வாசித்தார்.

1940இல் இரண்டாம் உலகப் போர் அவரைக் கடற்படைக்கு இழுத்துக்கொண்டது. எக்லிப்ஸ் என்ற போர்க்கப்பலில் சங்கேதச் செய்திகளைக் கையாளும் வேலை. கவிதை எழுத வைத்ததே அந்தக் கடல் வாழ்க்கைதான். 1951இல் வந்த முதல் கவிதைத் தொகுப்பு முழுக்கக் கடற்படை வாசம் அடிக்கும்.

போர் முடிந்ததும் பீட்டர்பரோவில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். பிறகு எங்கே போனார் தெரியுமா? சொந்த ஊருக்கே. தான் சிறுவனாகப் படித்த பள்ளிக்கே வாத்தியாராக! 1976இல் ஓய்வு பெறும்வரை ஊரை விட்டு நகரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நோயில் விழுந்த அம்மாவை 1971இல் அவர் இறக்கும்வரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1967இல் கவிதைக்கான அரசியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அப்போதும் அவர் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த வாத்தியார்தான்.

இவருடைய புகழ்பெற்ற கவிதை 'டிமோத்தி வின்டர்ஸ்'. 1957இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. கந்தல் உடுப்பும் பசியும் குடிகார அப்பாவுமாகப் பள்ளிக்கு வரும் ஒரு பையன். காலை வழிபாட்டில், நம்மைவிட வசதி குறைந்த பிள்ளைகளுக்காக வேண்டிக்கொள்கிறார்கள். அப்போது ஆமென் என்று எல்லோரையும்விட உரக்கச் சொல்பவன் அவன்தான்! அந்த ஏழைப் பிள்ளை தானே என்பது அவனுக்குத் தெரியவில்லை. நிஜமாகவே இப்படி ஒரு பையன் இருந்தானா என்று கேட்டவர்களுக்கு, இருந்தான் என்றுதான் காஸ்லி சொன்னார். 

பிள்ளைகளுக்கென்று தரத்தைக் குறைத்து அவர் எழுதியதில்லை. தேர்ந்தெடுத்த தொகுப்புகளில் பெரியவர்களுக்கான கவிதைகளோடு சிறுவர் கவிதைகளையும் கலந்தே வைத்தார். 1970இல் வந்த அவருடைய சிறுவர் தொகுப்பின் பெயர் 'ஃபிக்கி ஹாபின்'. உலர்திராட்சை போட்ட கார்ன்வால் பலகாரம் அது.

2003 நவம்பர் 4 அன்று காலமானார். பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, அம்மாவின் கல்லறை அருகே அடக்கம்.

அந்தக் கவிதையை முதலில் படித்தபோது எனக்கு ஓய்வு பெற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. படித்த அன்று தூக்கம் வரவில்லை. எட்டாம் வகுப்பில் தினமும் தாமதமாக வரும் ஒரு பையன் எனக்கும் இருந்தான். தினமும் வெளியே நிற்க வைத்தேன். விடியற்காலையில் வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டு, அதன் பிறகுதான் பள்ளிக்கு நடந்து வருகிறான் என்பது அவன் படிப்பை நிறுத்திய பிறகே எனக்குத் தெரிந்தது. ஏன் லேட் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

காஸ்லியும் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் நின்றவர்தான். அவர் கண்ணுக்கு அந்தப் பையன் தெரிந்தான். என் கண்ணுக்குத் தெரியவில்லை.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். நாளைக்கு லேட்டாக வருகிற பிள்ளையை உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். காரணத்தைத் தனியாகக் கேளுங்கள். அந்தப் பையன் எங்கேயாவது இருந்து இதைப் படித்தால், தம்பி, இந்தக் கிழவனை மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் சார்