குளிரின் வாடை

குளிர்ச்சி என்று சொன்னாலே நம்மவர்களுக்கு ஒரு மணமும் சேர்ந்து நினைவுக்கு வரும். மண்பானைத் தண்ணீர், அதில் ஊறும் வெட்டிவேர், கோடை மழையின் முதல் துளி விழுந்த புழுதி எல்லாம் மணந்துகொண்டேதான் நம்மைக் குளிர்வித்தன. குளிர்ந்த காற்று நாறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம் பாட்டனார் சிரித்திருப்பார். இன்றோ உத்தமபாளையம் கடைவீதியிலேயே அந்தப் புகார் கேட்கிறது. புகையும் இரைச்சலும் இல்லாத மின்சாரக் கார் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வந்துவிட்டது. ஆனால் ஏஸியைப் போட்டவுடன் நனைந்த சாக்கின் வாடை முகத்தில் அடிக்கிறது. சவாரிக்கு ஏறியவர் மூக்கைப் பொத்திக்கொண்டால் வாடகைக் கார் ஓட்டுகிறவருக்குப் பிழைப்பு ஏது?

இந்த வாடைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் மருந்தும் தெரிந்துவிடும்.

வாசலிலும் ஜன்னலிலும் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளிப்பது நம் நாட்டின் பழைய குளிர்சாதனம். அனல் காற்று தட்டிக்குள் நுழையும், அங்குள்ள ஈரம் ஆவியாகும், காற்று குளிரும். 19-ஆம் நூற்றாண்டில் வடக்கே இருந்த வெள்ளைக்காரர்கள் ஒரு பெரிய பெட்டியில் இந்தத் தட்டியைப் பொருத்தி, உள்ளே விசிறி வைத்து, அதைச் சுற்ற ஓர் ஆளையும் அமர்த்திக்கொண்டார்கள். ‘தெர்மாண்டிடோட்’ என்று அதற்குப் பெயர். இன்றைய ஏஸிக்குப் பாட்டன் முறை என்று அதைச் சொல்லலாம். அந்தத் தட்டி ஏன் நாறவில்லை? வேரின் எண்ணெய் ஒரு காரணம். விடாமல் காற்று அடித்து அதை உலர்த்தியது இன்னொரு காரணம். பழசாகிப் போன தட்டியைக் கழித்துவிட்டுப் புதியது கட்டினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ‘வெட்டிவேர்’ என்ற தமிழ்ச் சொல்லே ஐரோப்பிய மொழிகளிலும் குடியேறி இன்றுவரை வாசனைத் திரவியக் கடைகளில் வழங்குகிறது.

பிறகு குளிர், கப்பலேறி வந்தது. 1833-இல் பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, ஏரியில் வெட்டிய பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் சுவாமி விவேகானந்தர் தங்கிய கட்டடமும் அதுவே. ஐஸ் வியாபாரிகள் இரண்டு காரியங்களில் கண்ணாக இருந்தார்கள்: மரத்தூளை இட்டுப் பொதிவது, உருகிய நீர் தேங்காமல் வடிய வழி வைப்பது. இந்த இரண்டாவது பாடத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் அடிக்கடி மறந்தார்கள்.

1902-இல் நியூயார்க்கில், புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில் ஒரு சங்கடம். ஈரக் காற்றில் காகிதம் விரிந்தும் சுருங்கியும் போனதால் பல வர்ணப் படங்கள் பொருந்தி விழவில்லை. வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது என்ஜினீயர், குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைப் பிரித்தெடுத்தார். அதாவது, இன்றைய ஏஸி பிறந்ததே காற்றிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுப்பதற்காக! மனிதருக்கு சுகம் கிடைத்தது பின்னால் வந்த லாபம். 1940-ஆம் வருஷத்து மாடல் பாக்கார்டு காரில் இந்த யந்திரத்தை ஏற்றினார்கள். டிக்கியில் பாதி இடத்தை அது பிடித்துக்கொண்டது. அதை நிறுத்த வேண்டுமானால் பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும்.

பிழிந்தெடுத்த தண்ணீர் எங்கே போகிறது? கேள்வி சிறியது, அலட்சியத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரியது. 1976-இல் பிலடெல்பியா ஓட்டல் ஒன்றில் கூடிய பழைய போர்வீரர்களிடையே ஒரு மர்மக் காய்ச்சல் பரவி, ஏறக்குறைய முப்பது பேர் மாண்டார்கள். மறு வருஷம் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டலின் குளிர்சாதன நீரிலிருந்தே அது பரவியிருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதினார்கள். காரின் ஏஸியை அதற்குச் சமமாக்கிப் பயமுறுத்துவது நியாயமாகாது. ஆனாலும் தேங்கிய ஈரத்தில் உயிர்கள் முளைக்கும் என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே.

காரில் நடப்பது இதுதான். கூலிங் காயிலின்மேல் நீர் பனிக்கிறது. காற்றோடு வந்த தூசி அதில் ஒட்டுகிறது. வண்டியைப் பூட்டிவிட்டுப் போனதும் அந்த இருட்டிலும் ஈரத்திலும் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்கின்றன. ஆடி மாதத்துக் காற்றுக்குப் பேர்போன நம் பள்ளத்தாக்கில் புழுதிக்குப் பஞ்சமில்லை. லோயர்கேம்பைத் தாண்டிக் குமுளி மலை ஏறினால், மழைக்காலத்தில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை. மின்சாரக் காரில் பெட்ரோல் நெடியும் இல்லாததால் வாடை சட்டென்று மூக்குக்கு எட்டுகிறது. ஏறுவதற்கு முன்பே வண்டியைக் குளிர்விக்கும் வசதி வேறு இருப்பதால், காயில் நனைந்திருக்கும் நேரமும் கூடுகிறது.

வாசனைப் புட்டியைத் தொங்கவிடுவது குப்பையின்மேல் பூத் தூவுவதற்குச் சமானம். காஸ் நிரப்புவதும் வாடைக்கு மருந்தல்ல. இறங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்னதாகக் குளிரை நிறுத்திவிட்டு, காற்றை மட்டும் ஓடவிட்டால் காயில் உலரும். சில கார்களில் வண்டி நின்ற பிறகு விசிறி தானே ஓடி உலர்த்தும்படி அமைத்திருக்கிறார்கள். தூசி வடிகட்டியைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். ஏஸி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ஈரமான நாளிலும் சொட்டவில்லை என்றால், வடிகுழாய் அடைத்திருக்கலாம். இவற்றுக்கும் போகாத வாடைக்குக் காயிலையே நுரை மருந்தால் கழுவ வேண்டும். அதை விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. ஆரஞ்சு நிற வயர்களில் ஓடுவது உயிரை வாங்கும் மின்சாரம்.

உத்தமபாளையத்துக்காரருக்கு இதையெல்லாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1895-இல் மலையைக் குடைந்து பெரியாற்று நீருக்குக் கிழக்கே வழி விட்டதால் விளைந்த பூமி இது. வாய்க்காலைத் தூர்வாராவிட்டால் என்ன ஆகும் என்பது இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். காருக்குள்ளும் ஒரு சின்ன வாய்க்கால் இருக்கிறது. கவனிக்க வேண்டியது அதைத்தான்.