மூன்று நிலை அனுமதி சுவிட்ச்

தொழிற்சாலை ரோபோவின் பாதுகாப்பு வேலிக்குள் நின்று அதற்கு அசைவுகளைக் கற்பிப்பவர், 'டீச் பென்டன்ட்' எனும் கைக்கருவியில் தொடர்ந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய பாதுகாப்பு சுவிட்ச். தொடு உணர்வை முதன்மையாக நம்பும் கைக்கட்டுப்பாடுகளுள் ஒன்று.

கையை விட்டாலும், இறுக அழுத்தினாலும் மின்தொடர்பு துண்டிக்கப்படும். நடுநிலையில் மட்டுமே ரோபோ நகர அனுமதி உண்டு. அனுமதி மட்டுமே, இயக்கத்தை இது தொடங்குவதில்லை. நடுநிலையை எட்டியதை விரல் உணரும். அதைத் தாண்டி அழுத்தக் கூடுதல் பலம் வேண்டும். கண் ரோபோவின் மீதே இருப்பதால் சுவிட்சின் நிலையை விரல்தான் சொல்லியாக வேண்டும். தடித்த கையுறை இவ்வுணர்வை மங்கச் செய்யும். இறுக்கிய பிடியைத் தளர்த்துகையில் நடுநிலையைக் கடந்தாலும் தொடர்பு மீளாது. முழுதாக விட்டு மறுபடி அழுத்த வேண்டும்.

முந்தைய இருநிலை சுவிட்சுகள் கையை விட்டால் மட்டுமே ரோபோவை நிறுத்தின. திடுக்கிட்டவர் கையை விடவும் கூடும், இறுகப் பற்றவும் கூடும். பின்னதைக் கணக்கில் கொள்ளாதது உயிருக்கே ஆபத்தான குறை. மூன்று நிலை சுவிட்சுக்கான தேவைகளை ஐஇசி 60947-5-8 தரநிலை வரையறுக்கிறது. ஐஎஸ்ஓ 10218-1 தரநிலைப்படி, கைமுறைக் குறைவேக இயக்கத்தில் ரோபோவின் வேகம் வினாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது; அந்த வேகத்திலும் அனுமதி சுவிட்ச் கட்டாயம்.